பெரட்டுக்களமும் உடலளவையும்: ஊவாத் தோட்டங்களில் உழைக்கும் உடல் மதிப்பிடப்பட்ட வரலாறு

உடற்பயிற்சி ஒன்றை மேற்கொள்ள முனையும் ஒருவர், அதனைத் தொடங்குமுன் தம் உடல் எவ்வாறு அசைகின்றது என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும் என்பது இன்றைய உடற்கல்வியாளர் வற்புறுத்தும் முதற்பாடமாகும். குந்தி எழும்போது முழங்கால் உட்புறமாகச் சாய்கின்றதா, இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தும்போது முதுகு வளைகின்றதா, ஒற்றைக்காலில் நிற்கையில் இடுப்பு ஒருபக்கம் தாழ்கின்றதா என்றெல்லாம் நோக்கி, குறை காணப்படும் இடத்தைச் சீர்செய்த பின்னரே பாரத்தை ஏற்றுதல் முறை. உடலுக்கு ஏற்றவாறு வேலையை அமைத்தல் என்பதே இதன் அடிப்படை.

எனினும், பாரம் ஏற்றுமுன் உடலை அளந்து பார்க்கும் வழக்கம் உடற்பயிற்சிக் கூடங்களில் தோன்றியதன்று. அடிமைச் சந்தையும் படைக்கு ஆள்திரட்டலும் பெருந்தோட்டமும் அதனை நெடுங்காலத்துக்கு முன்னரே கைக்கொண்டிருந்தன. இலங்கை மலையகத் தமிழ்த் தொழிலாளரைப் பொறுத்தவரை, அவர்தம் உடல் கடலுக்கு அப்பாலும் இப்பாலும், முகாமிலும் பெரட்டுக்களத்திலும், மருந்துச்சாலையிலும் நிறுவைத் தராசிலும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஓயாது மதிப்பிடப்பட்டு வந்துள்ளது. ஆனால் அம்மதிப்பீடு கேட்ட வினா வேறு. இவ்வுடல் எவ்வளவு வேலை தரும் என்றே கேட்கப்பட்டது. அவ்வேலையைச் செய்வதற்கு இவ்வுடலுக்கு என்ன தேவை என்று கேட்கப்பட்டமை மிக அரிது. அவ்வாறு கேட்கப்பட்ட ஓரிரு சந்தர்ப்பங்களையும், அவற்றின் விளைவையும், பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் மனத்திற் கொண்டு நோக்குதல் பொருத்தமாகும்.

ஊவாவின் நிலவமைப்பை நினையாமல் அங்கு உழைக்கும் உடலைப் பற்றிப் பேசுதல் இயலாது. 1886ஆம் ஆண்டு தனி மாகாணமாக்கப்பட்ட ஊவாவின் தலைநகராகிய பதுளை, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்தது. அண்மையிலுள்ள நமுனுகுல மலையோ 2,036 மீற்றர் வரை எழுகின்றது. பசறை, லுணுகலை, மடூல்சீமை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய ஊர்களைச் சுற்றி இச்சரிவுகளிலேயே தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ளன. ஒரே தோட்டத்தின் மேற்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் இடையே சில நூறு அடி ஏற்றம் இருத்தல் வியப்பன்று. லயத்திலிருந்து மலைக்கு நடந்து சேர்வதே ஓர் உழைப்பு. அது எந்தச் செக்றோலிலும் பதியப்படாத உழைப்பு.

கொழுந்து பறித்தலை வெளியிலிருந்து காண்போர் அதனை விரல்களின் வேலை என்றே எண்ணுவர். உண்மையில் விரல் அதன் கடைசிக் கூறு மட்டுமே. தலையில் மடித்த துணி, அதன்மேற் பதியும் கயிறு, கயிற்றில் முதுகுப்புறமாகத் தொங்கும் கூடை, இடுப்பில் இறுக்கிக் கட்டிய படங்கு, மழைநாளில் இவற்றின்மேற் கொங்காணி எனப் பறிப்பவளின் உடை அமைப்பே ஒரு சுமைதாங்கியின் அமைப்பு. கூடை நிறைய நிறையக் கழுத்து முன்னோக்கி இழுபடும்; அதனை ஈடுசெய்ய இடுப்பு பின்வாங்கும். சரிவில் ஒரு கால் மேலும் மறுகால் கீழுமாக நின்று, மட்டக்கம்பால் அளந்த மட்டத்தில் இருகையாலும் பறித்து, தோளுக்குப் பின்னால் கையை வீசிக் கூடையிற் போடுதல் வேண்டும். இவ்வசைவு ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை நிகழ்கின்றது. தாயின் நிரையில் உடன் நின்று பழகும் சிறுமி இதனைக் கண்ணாலும் உடம்பாலும் கற்றுக்கொள்கிறாள். கற்றபின் அவளுடைய தோளும் முதுகும் அந்த வேலையின் வடிவத்தைத் தாமே எடுத்துக்கொள்கின்றன.

இவ்வசைவு தொன்மையானதன்று என்பதும் கவனிக்கத்தக்கது. ஊவாவிற்குத் தமிழ்த் தொழிலாளர் முதலில் வந்தது கோப்பிக்காகவே. கோப்பி பருவப்பயிர், பழம் பறிக்கும் சில மாதங்களுக்கே பெருந்தொகையான ஆட்கள் தேவைப்பட்டனர். பெரும்பாலும் ஆண்களாகவே கூட்டமாக வந்து, அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869ஆம் ஆண்டு மடூல்சீமைப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிச் செய்கையை அழித்தது. இலங்கையின் பொருளாதார வரலாற்றைத் திருப்பிய அந்த நோய் ஊவாவின் ஒரு மூலையிலே வெளிப்பட்டமை பலரும் மறந்துவிட்ட செய்தி. கோப்பியின் இடத்திற் புகுந்த தேயிலை ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. அதற்கு நிரந்தரமாகத் தங்கும் குடும்பம் வேண்டும். பறிப்பதற்குப் பெண்கள் வேண்டும். பருவத்துக்கு வந்து போகும் ஆணின் உடலை மட்டும் எடைபோட்ட கண், இப்போது மனைவியையும் பிள்ளையையும் எடைபோடத் தொடங்கிற்று. 1890ஆம் ஆண்டு தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கிய காலத்தில் இம்மாற்றம் பெரும்பாலும் நிறைவேறிவிட்டது. புன்னகைத்தபடி கூடை சுமந்து நிற்கும் தமிழ்ப் பெண்ணின் உருவம் பின்னர் தேயிலை விளம்பரங்களில் உலகெங்கும் உலாவியது. அவ்வுருவத்தில் முதுகு வளைந்திருப்பதில்லை.

உடலின் முதல் மதிப்பீடு தமிழகத்துக் கிராமத்திலேயே நிகழ்ந்தது. ஆள்திரட்டச் செல்லும் கங்காணி தன் உறவினரையும் ஊராரையுமே பெரும்பாலும் அழைத்துவந்தான். ஆதலால் அவனுடைய மதிப்பீடு மருத்துவ மதிப்பீடன்று. யாரால் மண்வெட்டி பிடிக்க முடியும், எந்தக் குடும்பத்தில் எத்தனை கை உண்டு என்ற கணக்கே அது. வழியிலேயே பலர் மடிந்தனர். ஆயினும் உடலைப் பரிசோதிக்க அரசு அக்கறை கொண்டது அம்மரணங்களின் பொருட்டு மட்டுமன்று. வாந்திபேதியும் அம்மையும் தொழிலாளருடன் சேர்ந்து தீவுக்குள் நுழையும் என்ற அச்சமே அதனை விரைவுபடுத்திற்று. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும் தடுப்பு முகாம்கள் எழுந்தன. 1901ஆம் ஆண்டு தகரச் சீட்டு முறை புகுத்தப்பட்டது. மாவட்டத்தையும் தோட்டத்தையும் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகரத் துண்டு ஒன்று, அதனை வைத்திருப்பவன் எத்தோட்டத்திற்குச் சேரவேண்டியவன் என்பதைத் தெரிவித்தது. பொதிக்கு முகவரி எழுதும் முறை மனிதனுக்கும் பொருந்தும் எனக் கருதப்பட்ட காலம் அது. 1904ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் அமைந்தது. 1914ஆம் ஆண்டு தனுஷ்கோடி-தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்டபின் மண்டபம் முகாமே பிரதான வாயிலாயிற்று. அங்கு தொழிலாளர் சில நாள் தடுத்து வைக்கப்பட்டனர், ஆடைகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டன, அம்மைப்பால் குத்தப்பட்டது, வேலைக்குத் தகுதியற்றோர் எனக் காணப்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர். ஊவாவுக்குச் செல்வோர் அங்கிருந்து கப்பலேறித் தலைமன்னார் சேர்ந்து, புகைவண்டியில் மலையேறினர். புகைவண்டிப் பாதை 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டிய போதிலும், பதுளையை அடைந்தது 1924ஆம் ஆண்டிலேயே. அதுவரை எஞ்சிய வழியைக் கால்களே கடந்தன.

முகாமின் பரிசோதனை ஒருமுறைக்குரியது. பெரட்டுக்களத்தின் பரிசோதனையோ நாள்தோறும் நிகழ்வது. தோட்ட வாழ்வில் இதனைப்போல ஆழ ஆராயப்பட வேண்டிய நிகழ்ச்சி வேறில்லை எனலாம். ‘பெரட்டு’ என்ற சொல் படை அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் மருவிய வடிவம். சொல்லே அதன் தன்மையை உணர்த்துகின்றது. விடியுமுன் தப்போசையோ கொம்போசையோ லயங்களை எழுப்பும். இருள் விலகுமுன் ஆண்களும் பெண்களும் சிறுவரும் களத்தில் வரிசையாக நிற்பர். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார். கங்காணி தன் ஆட்களை எண்ணிக் காட்டுவான். துரையோ அவருடைய உதவியாளரோ அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார். கவ்வாத்துக்கும் முள்ளுக் குத்துவதற்கும் கான் வெட்டுவதற்கும் திடமான ஆண்கள்; கொழுந்துக்குப் பெண்கள்; தளர்ந்தோருக்கும் முதியோருக்கும் புல் வெட்டு; சிறுவருக்குச் சில்லறை வேலை. ஒரே பார்வையில் நடையையும் நிமிர்வையும் முகவெளிறலையும் கண்டு இப்பிரிவினை செய்யப்பட்டது. இன்றைய உடலசைவு நிபுணர் அரைமணி நேரத்திற் செய்வதைக் கங்காணியின் அனுபவக் கண் அரைநொடியிற் செய்தது என்றுகூடச் சொல்லலாம். அவனுடைய கண்ணிற் குறை இல்லை. அக்கண் எவருக்காகப் பார்த்தது என்பதிலேயே வேறுபாடு உண்டு.

இதனைத் தெளிவாக்குவது தலைக்காசு முறை. பெரட்டுக்கு வந்து வேலைக்குச் சென்ற ஒவ்வோராளுக்கும் நாளொன்றுக்கு இத்தனை சதம் என்று பெரிய கங்காணிக்குத் தோட்டம் பணம் கொடுத்தது. காய்ச்சலுடன் லயத்தில் முடங்கியவனால் கங்காணிக்கு நட்டம். அதே காய்ச்சலுடன் களத்தில் வந்து நின்றவனால் இலாபம். ஆகவே உடலின் நிலையை மிக அணுக்கமாக அறிந்த மனிதனே, அந்நிலையை மறைப்பதில் மிகுந்த நாட்டமுடையவனாகவும் இருந்தான். உடலுக்கு முடியவில்லை என்று தொழிலாளி கூறினால், அக்கூற்று முதலில் பொய்யென்றே கொள்ளப்பட்டது. பாதி நாள் வேலையோடு நின்றவனுக்கும், குறித்த அளவை முடிக்காதவனுக்கும் ‘அரைப்பேர்’ விழுந்தது. முழு மனிதன் ஒருவன் களைத்துப்போகும் நாளில் அரை மனிதனாகப் பதியப்பட்டான். ஏடு இதனை வெகு இயல்பாகச் செய்தது.

உடலின் மதிப்பு சட்டத்திலும் ஏறியது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தொழிலாளர் உரிமை வரலாற்றில் ஒரு முன்னேற்றமே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன்கீழ் 1929இல் நடைமுறைக்கு வந்த கூலி அளவுகளை நோக்குக: உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம், இடைமலையில் முறையே 52, 41, 31 சதம், தாழ்நிலத்தில் 50, 40, 30 சதம். பெண்ணின் உழைப்பு ஆணின் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்கு என்பது எந்த அளவையால் துணியப்பட்டது? தோட்டத்தின் வருவாய் முழுவதும் பெண்ணின் விரல்நுனியில் தொடங்கும் ஒரு தொழிலில் ஆண் பெண் கூலி வேறுபாடு ஐம்பத்தைந்து ஆண்டுகள் நிலைத்தது. ஆண் பெண் கூலி சமமாக்கப்பட்டது 1984ஆம் ஆண்டிலேயே.

உடலுக்கு என்ன தேவை என்ற வினா தோட்டங்களில் முதன்முதலாக ஒழுங்குபடக் கேட்கப்பட்டது கொக்கிப்புழுவின் காரணமாக. இப்புழுவின் குடம்பிகள் ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுகின்றன. குடலின் சுவரைப் பற்றிக்கொண்டு குருதியை உறிஞ்சுகின்றன. மலசலகூடம் இல்லாத லயங்களும், செருப்பறியாத கால்களும், மழையில் நனைந்த மலைச்சரிவுகளும் அதற்கு ஏற்ற வாழிடமாயின. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இதே புழுவை 1902இல் சார்ல்ஸ் ஸ்ரைல்ஸ் விளக்கியபோது, செய்தித்தாள்கள் அதனைச் ‘சோம்பலின் கிருமி’ என்று எழுதின. வறிய வெள்ளையரின் சோம்பல் என்று அதுவரை இகழப்பட்டது குருதியிழப்பே எனத் தெரியவந்தமையால் எழுந்த பெயர் அது. அங்கு 1909இல் தொடங்கிய றொக்பெல்லர் இயக்கம், 1916ஆம் ஆண்டு மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தன் இலங்கைப் பணியைத் தொடங்கியது. பின்னர் மண்டபம் முகாமிலும் கடல் கடக்குமுன்னரே தொழிலாளருக்குப் புழுமருந்து கொடுக்கப்பட்டது.

இங்கு ஒரு முரண் வெளிப்பட்டது. புழுவை வெளியேற்றும் மருந்துக்குத் தோட்ட முதலாளிகள் பெரும் எதிர்ப்புக் காட்டவில்லை. மருந்து மலிவானது, வேலைநாள் சிலவற்றோடு முடிந்துவிடும். ஆனால் லயந்தோறும் மலசலகூடம் கட்டுவதற்கும் அதனைப் பேணுவதற்கும் செலவு அதிகம். அவை இல்லாத இடத்தில் மருந்து உண்டவன் அடுத்த மழைக்குள் மீண்டும் புழுவை ஏற்றான். உடலைச் சீராக்குதல் ஏற்கப்பட்டது; உடல் வாழும் இடத்தைச் சீராக்குதல் ஒத்திவைக்கப்பட்டது. ஏற்கனவே 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டமும், 1912ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டங்களும் தொழிலாளர் நலனுக்குத் தோட்டங்களைப் பொறுப்பாக்கியிருந்தன. சட்டத்தின் வாசகத்துக்கும் லயத்தின் வாசலுக்கும் இடையில் இருந்த தூரம் மட்டும் குறையவில்லை.

உடலின் உழைப்பாற்றலை அளக்கும் அறிவியல் இதற்கிடையில் வேறிடத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. 1927இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட களைப்பு ஆய்வுகூடம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒரு படியேற்றச் சோதனையை வகுத்தது. குறித்த உயரமுள்ள படியில் ஐந்து நிமிடம் வரை ஏறி இறங்கச் செய்து, பின்னர் நாடித்துடிப்பு எவ்வளவு விரைவில் தணிகின்றது என்று பார்ப்பதே அச்சோதனை. படைவீரரைத் தெரிவுசெய்ய எழுந்த இச்சோதனை பின்னர் உலகெங்கும் கல்லூரி மாணவரின் உடற்றகுதியை அளக்கப் பயன்பட்டது. உடற்பயிற்சிக்கு முந்திய மதிப்பீடுகள் பலவற்றுக்கு இதுவே முன்னோடி. எழுபதுகளில் இதே அறிவியல் தோட்டத் தொழிலாளரிடம் வந்து சேர்ந்தது. அப்போது அது கையோடு கொண்டுவந்த வினா கங்காணியின் வினாவாக இருக்கவில்லை.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்கேட்டன், கார்ட்னர் முதலிய உடற்றொழிலியல் ஆய்வாளரும், பேராதனையில் மருத்துவப் பேராசிரியராக விளங்கிய பிறையன் சேனவிரத்னவும் இணைந்து, இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களின் உழைப்பாற்றலை ஆராய்ந்தனர். 1977இல் வெளிவந்த அவர்களது கட்டுரை, வேறுபட்ட ஈமோகுளோபின் அளவுகளையுடைய பெண்களைச் சுழலும் பட்டியின்மேல் நடக்கச் செய்து கண்டவற்றை எடுத்துரைத்தது. குருதிச்சோகை மிகுந்தவர்களால் நெடுநேரம் நடக்க இயலவில்லை. அதே வேலைக்கு அவர்களுடைய இதயம் மேலும் விரைவாகத் துடித்தது; தசை களைப்பினைக் காட்டும் இலக்டிக் அமிலம் அவர்களுடைய குருதியில் மேலும் அதிகமாகச் சேர்ந்தது. சரிவில் மேற்கணக்குக்கு ஏறும்போது மூச்சு வாங்குகின்றது என்று ஒரு பெண் கூறினால், அது மனத்தின் சாக்கன்று, குருதியின் கூற்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுதல் அரிது.

இரண்டாவது ஆய்வு இன்னும் முக்கியமானது. 1979ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த அதில், ஆய்வாளர் தொழிலாளரை ஆய்வுகூடத்துக்கு அழைக்காமல் மலைக்கே சென்றனர். ஒரு சாராருக்கு இரும்புச்சத்து மருந்தும், மறுசாராருக்கு மருந்துபோலத் தோன்றும் வெறும் பொருளும் கொடுக்கப்பட்டன. மருந்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொருவரும் நாளொன்றுக்குப் பறித்த கொழுந்தின் நிறை ஒப்பிடப்பட்டது. ஒரு மாதத்தின் பின், இரும்புச்சத்தினால் ஈமோகுளோபின் உயர்ந்தவர்கள் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாகப் பறித்தனர். மிகக் கடுமையான சோகை கொண்டிருந்தவர்களிடம், அதாவது 100 மில்லிலீற்றர் குருதியில் 6 முதல் 9 கிராம் வரை மட்டுமே ஈமோகுளோபின் இருந்தவர்களிடம், முன்னேற்றம் மிகப் பெரிதாக இருந்தது. இதனோடு ஆய்வாளர் நிற்கவில்லை. அன்றாடச் சூழலில் அவர்களுடைய உடலியக்கத்தை நான்கு மணி நேரமோ இருபத்துநான்கு மணி நேரமோ தொடர்ச்சியாகப் பதிவுசெய்தனர். மூன்று வாரங்களின் பின் இரும்புச்சத்துப் பெற்றவர்களின் இயக்கம் மற்றவர்களைவிடத் தெளிவாக மிகுந்திருந்தது.

இப்பதிவின் பொருளைச் சற்று ஆழ்ந்து சிந்தித்தல் தகும். தராசுக்கு வராத அசைவுகளையும் அது உள்ளடக்கியது. தண்ணீர் எடுக்க நடத்தல், விறகு பொறுக்கல், பிள்ளையைத் தூக்கல், லயத்து வாசலில் அயலாருடன் நின்று பேசல் ஆகியன கூலிக்குரிய அசைவுகள் அல்ல. ஒரு பெண்ணின் வாழ்க்கை என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் அவற்றிலேயே அடங்கும். வேலை முடிந்ததும் கம்பராவின் மூலையில் அசையாது கிடந்தவள், தன் எஞ்சிய வலுவை நாளைய பெரட்டுக்காகச் சேமித்தாள் என்றே இப்போது கொள்ள வேண்டியிருக்கின்றது. துரைமார் நூற்றாண்டுக் காலம் சோம்பல் என்று எழுதி வைத்த நடத்தை, ஒரு சில கிராம் இரும்பின் குறைவே.

இதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வும் இதற்கு ஒத்து நின்றது. இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் இறப்பர்த் தோட்டத் தொழிலாளரை ஹாவார்ட் படியேற்றச் சோதனைக்கு உட்படுத்திய பஸ்தாவும் அவரோடு இணைந்தோரும், அறுபது நாள் இரும்புச்சத்துக் கொடுத்தபின் சோகையுற்ற பால்வெட்டுவோரின் உற்பத்தி உயர்ந்ததைக் கண்டனர். அங்கும் கொக்கிப்புழு பரவலாக இருந்தது. பயிர் வேறு, மொழி வேறு, முதலாளி வேறு. குருதி ஒன்றாகவே பேசியது. இதனுடன், 1975இல் தென்னாபிரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஒரு முடிவையும் சேர்த்து நோக்கலாம். உணவோடு தேநீர் அருந்துவது உணவிலுள்ள இரும்பு உடலிற் சேர்வதைப் பெரிதும் தடுக்கின்றது என்பதே அது. காலையில் ரொட்டியும் சாயத்தண்ணீருமாக மலைக்குச் செல்லும் தொழிலாளி, தான் பறித்த இலையாலேயே தன் இரும்பை இழந்தாள். கட்டியெழுப்பிய கதைபோல் தோன்றினும் இது வேதியியல்.

எனினும் 1979ஆம் ஆண்டின் ஆய்வு தன் முடிவை எவ்வாறு நியாயப்படுத்திற்று என்பதையும் சொல்லாமல் விடலாகாது. இரும்புச்சத்தினால் உற்பத்தி உயர்வதன் பொருளாதார நன்மை, குறிப்பாக வளர்முக நாடுகளுக்கு, வெளிப்படையானது என்று ஆய்வாளர் எழுதினர். பெண்ணின் உடல்நலம் கொழுந்தின் நிறையாக மொழிபெயர்க்கப்பட்ட பின்னரே அதற்கு வாதிடும் வலிமை வந்தது. ஆய்வாளரைக் குறைகூறுவதற்கு இடமில்லை. எவரிடம் பேசவேண்டியிருந்ததோ அவருடைய மொழியில் அவர்கள் பேசினர். ஆயினும் பெரட்டுக்களத்தின் கணக்கே ஈற்றில் மருத்துவ ஏட்டிலும் அமர்ந்தது என்பது கசப்பான உண்மை.

அந்த ஆண்டுகளின் சூழலை நினைவுகூர்ந்தால் இவ்வளவைகளின் பொருள் மேலும் விளங்கும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973-74இல் உணவுப் பங்கீடு குறைக்கப்பட்டு, மாவும் அரிசியும் விலையேறியபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கையின்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதாக இருந்தது. ஊவாவிலிருந்தும் குடும்பங்கள் பதுளைப் புகைவண்டியில் ஏறித் தலைமன்னார் நோக்கிச் சென்றுகொண்டிருந்தன. அவர்கள் கப்பலிலிருந்து இறங்கிச் சென்றடைந்த இடம் மண்டபம். பாட்டனாரின் கண்ணையும் நாக்கையும் பார்த்து வேலைக்கு உகந்தவன் என்று அனுப்பிய அதே முகாம், பேரனைத் தாயகம் திரும்பியோன் என்று பதிந்துகொண்டது. தாயகம் திரும்பியோருக்கு வேலையளிக்கும் பொருட்டு நீலகிரியில் 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுக்குப் பலர் அனுப்பப்பட்டனர். கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் கூடை, மறுபடியும் சரிவு. பசறையிற் கற்ற கை அங்கே புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை.

வேலையின் அசைவை உழைப்பவரின் பக்கமிருந்து அளக்கும் முறைகளும் இதே காலத்திற் பிறந்தன. பின்லாந்தின் ஓவாக்கோ உருக்கு நிறுவனத்தில் வகுக்கப்பட்டு 1977இல் வெளியிடப்பட்ட முறையொன்று, வேலை செய்பவரின் முதுகு, கை, கால் ஆகியவற்றின் நிலைகளையும் அவர் தாங்கும் பாரத்தையும் இடைவிட்டு இடைவிட்டுக் குறித்து, எந்நிலை உடலுக்குக் கேடு என்று தரப்படுத்திற்று. அவ்வாறு கேடென்று காணப்பட்ட நிலையை மாற்றுவதற்கு உழைப்பவரைப் பழக்குவதோடு, பொறியையும் மேடையையும் மாற்றுவது அம்முறையின் நோக்கம். முதுகு முன்வளைந்தும் திரும்பியும் நிற்றல், ஒரு காலில் பாரம் சாய்தல், கை தோள்மட்டத்துக்கு மேல் உயர்த்தப்படல் என்ற அளவுகோல்களை வைத்துப் பார்த்தால், தேயிலைச் சரிவில் நிற்கும் பெண்ணைப் பற்றி அது என்ன கூறும் என்பதை ஊகிப்பது கடினமன்று. உருக்காலையில் மேடையை உயர்த்தலாம். மலையை எவரும் சமப்படுத்த முடியாது என்பது உண்மையே. ஆனால் கூடையின் பாரத்தை இடையிடையே இறக்குவதற்கு நிறுவையிடங்களை அண்மையில் அமைக்கலாம். கயிறு தலையில் மட்டும் பதியாது தோள்களிலும் பரவுமாறு செய்யலாம். காலுக்குச் செருப்பும் நிரையின் நடுவே படியும் அமைக்கலாம். இவற்றுள் எதுவும் பெருஞ்செலவை வேண்டுவதன்று.

1992இல் தோட்டங்களின் நிருவாகம் மீண்டும் தனியார் நிறுவனங்களிடம் சென்றது. தோட்டங்களின் மருத்துவ நிலையங்களில் கருவுற்ற தாய்மாருக்கு இரும்புச்சத்து வில்லைகள் வழங்கப்படுகின்றன; முன்னைய காலத்தோடு ஒப்பிடின் சிசு மரணமும் பிரசவ மரணமும் வெகுவாகக் குறைந்துள்ளன. ஆயினும் 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளாவ ஏறத்தாழ 17 வீதமாக இருக்கத் தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதமாக இருந்தனர். குட்டையாக வளர்ந்த பிள்ளை குட்டையான தாயாகி, அவளுடைய பிள்ளையும் நிறை குறைந்து பிறக்கின்றது. பெரட்டுக்களத்திற்கு வந்து நிற்கும் உடலின் மதிப்பீடு, அவ்வுடல் பிறக்குமுன்னரே பெருமளவு முடிந்துவிடுகின்றது.

2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நாட்கூலி 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, கூலியோடு சேர்ந்து பேசப்பட்டது நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கிலோவின் அளவு. தோட்டத்துக்குத் தோட்டம் அவ்வளவு வேறுபட்டது. 18 கிலோ என்றும் அதனிலும் கூடுதல் என்றும் கேட்கப்பட்டது. எட்டாதவருக்கு முழுப்பேர் இல்லை. என். எஸ். எம். இராமையா ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்று தம் சிறுகதைக்குப் பெயரிட்டது 1961ஆம் ஆண்டிலே. கூடையின் இடத்தைப் பல தோட்டங்களில் இன்று நைலோன் பை எடுத்துக்கொண்டுள்ளது. நிறுக்கும்போது பையின் நிறைக்கும், இலையில் ஒட்டிய மழைநீருக்கும், முற்றிய இலைக்கும் என்று சில கிலோ கழிக்கப்படுகின்றது. கழித்தபின் எஞ்சியதே ஏட்டில் ஏறுகின்றது. கழிக்கப்பட்ட கிலோக்களையும் மலையிலிருந்து நிறுவையிடம் வரை சுமந்து வந்தது அதே முதுகுதான்.